ஒரு நூல் இடைவெளி: பேக் பண்ணி வந்த கிச்சனுக்கு நம்ம ஊர்ல கதவு செஞ்ச கதை

உங்க வீட்டு கிச்சன்ல சிங்க் தொட்டிக்குக் கீழே இருக்குற கதவோட அடி ஓரத்தை இப்பவே போய் நகத்தால அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா நல்லது. பிஸ்கட் மாதிரி பொதபொதன்னு இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு. திண்டுக்கல்ல நாங்க இப்ப இருக்குற வீட்டுக்குக் குடி வந்தப்போ, அட்டைப்பெட்டியில பலகை பலகையா வந்து வீட்டுல வச்சு மாட்டுற ரகத்துல ஒரு கிச்சன் வாங்குனோம். பாக்ஸ் எல்லாம் ஒரே நாள்ல நின்னுடுச்சு. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டு ஐப்பசி மழை தாண்டுனதும் கதவோட அடிப்பக்கம் உப்ப ஆரம்பிச்சுது. நம்ம வீடுகள்ல தரையைத் துணியால ஒத்தி எடுக்கிற பழக்கம் கிடையாது, வாளித் தண்ணி ஊத்தித்தான் கழுவுவோம். அந்தத் தண்ணி தினமும் கதவோட அடி விளிம்புல பட்டுட்டே இருந்தா, உள்ளே இருக்குற பார்ட்டிகிள் போர்டு குடிச்சுக்கிட்டே இருக்கும். மரத்தூளையும் சின்னச் சின்ன சில்லையும் பசை போட்டு அழுத்துன பலகை அது. ஒரு தடவை உப்புனா காய்ஞ்ச பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

வாங்குன கம்பெனிக்குப் போன் போட்டோம். கதவு மட்டும் தனியா கிடைக்காது, அந்த மாடலை நிறுத்திட்டோம், வேணும்னா முழு செட்டா மாத்திக்கலாம், 1,40,000 ரூபாய் ஆகும்னு சொன்னாங்க. என் கடைசி வருஷ ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. அம்மா ஒண்ணும் சொல்லல. "கதவே இல்லாம துணி போட்டு மறைச்சுக்கலாம்டா, முன்னாடி எல்லாம் கடப்பா கல் மேடைக்குத் திரைதானே"ன்னு மட்டும் சொன்னாங்க. அதைக் கேட்டப்போதான் எனக்கு உறைச்சுது. கெட்டது கதவு மட்டும்தான், பாக்ஸ் எதுவும் கெடல. அப்போ நாம ஏன் பாக்ஸையும் தூக்கிப் போடணும்?

இந்த இடத்துல கொஞ்சம் தியரி, பொறுத்துக்கோங்க.

பேக்ல வர்ற எந்த கிச்சன் பாக்ஸையும் திறந்து உள் பக்கவாட்டைப் பாருங்க. முன் விளிம்புல இருந்து 37 மிமீ உள்ளே தள்ளி, மேலிருந்து கீழே வரிசையா 5 மிமீ ஓட்டைங்க இருக்கும். ஒரு ஓட்டை மையத்துக்கும் அடுத்த ஓட்டை மையத்துக்கும் 32 மிமீ. இதை 32 மிமீ சிஸ்டம்னு சொல்லுவாங்க, ஐரோப்பாவுல மெஷின்ல பாக்ஸ் செய்யறதுக்காக உருவாக்குன முறை. கதவோட கீல், டிராயர் ஓடுற சேனல், உள் தட்டைத் தாங்குற பின், எல்லாமே இந்த ஓட்டைங்களை நம்பித்தான் இருக்கு. அதனால பாக்ஸ் யாரு செஞ்சிருந்தாலும் சரி, கதவு யாரு செஞ்சிருந்தாலும் சரி, கீல் அந்த ஓட்டையில உட்கார்ந்தா போதும்.

ஐகியாவை எடுத்துக்கோங்க. 2018 ஆகஸ்ட்ல ஹைதராபாத்லயும் 2022 ஜூன்ல பெங்களூரு நாகசந்திராவுலயும் கடை திறந்தாங்க. நம்ம ஊர்க்காரங்க நிறைய பேரு பெங்களூருல வேலை பாக்குறதால, கரூர் சேலம் வழியா கார் டிக்கியில அட்டைப்பெட்டி வந்து இறங்குறது இப்ப சகஜம். அவங்களோட மெட்டோட் கிச்சன்ல 60 செமீ அகலம், 80 செமீ உயரம்னு போட்ட கதவை டேப் வச்சு அளந்தா 59.7-க்கு 79.7-தான் இருக்கும். அந்த 3 மிமீ எங்கே போச்சுன்னு பின்னாடி சொல்றேன். அவங்க ஐரோப்பாவுல ஃபாக்டும்னு ஒரு பழைய கிச்சன் வித்துட்டு இருந்தாங்க. 2014-ல அதை நிறுத்திட்டு மெட்டோட் கொண்டு வந்தாங்க, அளவுகளும் மாறிடுச்சு. பழைய கிச்சன் வச்சிருந்தவங்களுக்குக் கடையில கதவு கிடைக்கல, எங்க அம்மாவுக்கு ஆன அதே கதை. பெரிய கம்பெனி பாக்ஸுக்கு வெளியில கதவு மட்டும் செஞ்சு கொடுக்குறது அங்கே ஒரு தொழிலாவே வளர்ந்திருக்கு. அதே 2014-ல கோபன்ஹேகன்ல ஆரம்பிச்ச ரிஃபார்ம், லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற செமிஹேண்ட்மேட் எல்லாம் இந்த வேலையிலதான் பேர் எடுத்தாங்க. ரிஃபார்ம் பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட்டுங்களை வச்சுக் கதவு வரைஞ்சாங்க. எங்களுக்கு நாகல்நகர்ல ஒரு ஆசாரி அண்ணன் கிடைச்சார்.

அண்ணன் வந்ததும் கதவைத் தொடவே இல்ல. ரசமட்டத்தை எடுத்து பாக்ஸ் மேல வச்சார். குமிழி ஓடி ஒரு ஓரத்துல ஒட்டிக்கிச்சு.

"தம்பி, தரை சிங்க் பக்கமா சரியுது. பாக்ஸும் அதோட சேர்ந்து சாஞ்சிருக்கு. இப்ப அளவெடுத்தா சாஞ்ச கதவுதான் வரும்."

தண்ணி வடியறதுக்காக வாட்டம் வச்சுத்தான் நம்ம ஊர்ல தரை போடுவாங்க, அது தப்பில்ல. பாக்ஸுக்குக் கீழே பிளாஸ்டிக் கால் இருக்கும், அதைத் திருகுனா ஏறும் இறங்கும். தரையோட கோணலை அந்தக் காலுங்கதான் வாங்கிக்கணும். நாங்க வாங்கி மாட்டுன அன்னிக்கு யாரும் திருகிப் பாக்கவே இல்ல போல. எங்க 600 மிமீ பாக்ஸோட முகப்பு 600-க்கு 720. மூலைவிட்டம் 937 வரணும். பித்தாகரஸ்தான், வேற ஒண்ணுமில்ல. ஒரு மூலைவிட்டம் 940, இன்னொண்ணு 934 வந்துச்சு. ரெண்டும் சமமா இல்லைன்னா செவ்வகம் சாஞ்சு இணைகரமா மாறிடுச்சுன்னு அர்த்தம். சாஞ்ச பாக்ஸ்ல எவ்வளவு நல்ல கதவு மாட்டுனாலும் மேலே ஒட்டும், கீழே வாய் பிளக்கும். பின்னாடி இருக்குற மெல்லிசுப் பலகையைத் தளர்த்தி, காலைத் திருகி, ரெண்டு மூலைவிட்டமும் சமமானதும் திரும்ப முடுக்குனோம். உங்க பாக்ஸ் 60-க்கு 80-ன்னா இன்னும் சுலபம், மூலைவிட்டம் கச்சிதமா 100 செமீ. நம்ம கொத்தனாருங்க மூலை பாக்குற அதே 3-4-5 கணக்கு.

அடுத்து அளவு. இங்கேதான் என் மானம் போச்சு.

நான் மிமீ பேசுறேன், அண்ணன் நூல் பேசுறார். ஒரு இன்ச்சுல எட்டு நூல், அப்போ ஒரு நூல் 3.175 மிமீ. "கதவுக்கும் கதவுக்கும் ஒரு நூல் விடணும் தம்பி"ன்னார். நான் போன்ல தேடிப் பாத்தா உலகம் முழுக்க 3 மிமீன்னு எழுதியிருக்கு. அந்த 59.7-ல காணாமப் போன 3 மிமீ இதுதான். கதவோட ஒவ்வொரு பக்கமும் 1.5 மிமீ குறைச்சா, பக்கத்துக் கதவும் 1.5 குறைஞ்சிருக்கும், ரெண்டும் சேர்ந்து நடுவுல ஒரு நூல். ஸ்கூல்ல இருந்தே இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான், நூல்னா தைக்கிறதுன்னு மட்டும்தான் இவ்வளவு நாள் தெரியும்.

சரி, 600 பாக்ஸுக்கு 597 கதவு. எழுதி ப்ளைவுட் கடையில கொடுத்தேன். அவங்க வெட்டி, சுத்தி எட்ஜ் பேண்ட் ஒட்டிக் கொடுத்துட்டாங்க. மாட்டிப் பாத்தா பக்கத்துக் கதவு மேல இடிக்குது. அளந்தா 601. எட்ஜ் பேண்ட் 2 மிமீ கனம், ரெண்டு பக்கமும் சேர்த்து 4. நான் கொடுத்த 597 பலகைக்கான அளவாப் போயிடுச்சு, முடிஞ்ச கதவுக்கான அளவு இல்ல. வெட்டுறப்போ 593 சொல்லியிருக்கணும். கடைக்காரர் மேல தப்பே இல்ல, நான் சொன்னதைத்தான் செஞ்சார். லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ்னு அஞ்சாவது செமஸ்டர்ல பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்குனவன் நான். அண்ணன் சிரிக்கல, அதுதான் இன்னும் வலிச்சுது. "முடிஞ்ச அளவு, வெட்டு அளவுன்னு ரெண்டு வரிசையா எழுதிக்கோ தம்பி"ன்னு மட்டும் சொன்னார். நீங்களும் அப்படியே எழுதுங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. ப்ளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி, அதாவது 2440-க்கு 1220. கதவோட உயரம் ஷீட்டோட நீளத்துல படுக்குற மாதிரி வெட்டுனா மூணுக்கு ரெண்டு, ஆறு கதவு வரும். திருப்பிப் போட்டா நாலுதான். ஒரே ஷீட், ரெண்டு கதவு வித்தியாசம்!

பலகை எதுன்னும் சொல்லிடறேன். சிங்க் பக்கம்னா ஐஎஸ் 710 முத்திரை இருக்குற ப்ளைவுட் வாங்குங்க. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டு, பசை விடுதான்னு பாக்குற தரம் அது. ஐஎஸ் 303-ல எம்.ஆர். ரகம் ஈரப்பதத்தைத் தாங்கும், ஆனா வாளித் தண்ணியைத் தாங்காது. மைகா ஒட்டுனா வெளியில மட்டும் ஒட்டிட்டு விட்டுடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் தோல் இருந்தா பலகை அந்தப் பக்கமா இழுத்து வில்லா வளையும். வெளியில 1 மிமீ ஒட்டுனா உள்ளே 0.8 மிமீயாவது ஒட்டணும். முக்கியமா அடி விளிம்பு. நின்னு பாத்தா கண்ணுக்குத் தெரியாத விளிம்புன்னு அதுக்கு மட்டும் பேண்ட் ஒட்டாம விடுற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. தண்ணி முதல்ல தேடி வர்றது அந்த விளிம்பைத்தான்.

எங்களுக்கு மொத்தம் 11 கதவு. இதுல அம்மா ஒரு நிபந்தனை போட்டாங்க. வத்தலகுண்டு பக்கம் பாட்டி வீட்டை இடிச்சப்போ எடுத்து வச்ச தேக்குக் கதவும் அலமாரிப் பலகையும் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில கிடந்துச்சு. "அதை விறகாக்கிடுவாங்கடா. முடிஞ்ச வரைக்கும் அதுலயே பண்ணு."

சென்டிமென்ட் பாக்காம பேசுனா, பழைய தேக்கு நல்ல சரக்குதான். பல வருஷம் காய்ஞ்ச மரம், இனிமே பெருசா முறுக்காது. ஆனா அறுப்பு மில்லுல கொடுக்குறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு ஒவ்வொரு இன்ச்சும் தடவிப் பாருங்க. உடைஞ்ச ஆணி உள்ளேயே இருக்கும், ரம்பத்தோட பல்லு போயிடும். அப்புறம் மில்லுக்காரர் உங்க பல்லைப் பேத்துடுவார். நாங்க தடவி 23 ஆணி எடுத்தோம். அறுத்து, கரையான் அரிச்ச ஓரமெல்லாம் கழிச்சது போக ஆறு கதவுக்குத்தான் மரம் தேறுச்சு.

நான் என்ன நினைச்சேன்னா, ரெண்டு மூணு பலகையைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, 597 அகலத்துக்கு ஒரே பலகையா இழைச்சு மாட்டிடலாம், நல்லா கெத்தா இருக்கும்னு. அண்ணன் ஒரே வார்த்தையில முடிச்சார்: "ஐப்பசியில திறக்காது." ஏன்னு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மரம் நார் போற திசையில கிட்டத்தட்ட அசையவே அசையாது. குறுக்கே மட்டும் ஈரத்தைக் குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். பச்சை மரம் முழுசா காயறப்போ தேக்கு குறுக்குவாட்டத்துல அதிகபட்சமா 5.8 சதவீதம் சுருங்கும், மத்த நிறைய மரத்தைவிட இது கம்மி. அதைப் பிரிச்சுப் பாத்தா, மரத்துக்குள்ள இருக்குற ஈரம் 1 சதவீதம் மாறுனா அகலம் 0.2 சதவீதம் மாறும். நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் நடுவுல ஈரம் 4 சதவீதம் மாறுதுன்னு வச்சுக்குவோம். 597-ல 0.8 சதவீதம், அதாவது 4.8 மிமீ. ஒன்றரை நூல்! நாம விட்டதே ஒரு நூல்தான். தேக்குக் கதவு ரெண்டு பக்கத்துல இருந்தா ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும்.

அதனாலதான் நம்ம வாசக்கதவு எல்லாம் சட்டம் போட்டு, நடுவுல பலகை வச்சுச் செய்யறாங்க. பாட்டி வீட்டுக் கதவும் அப்படித்தான் இருந்துச்சு, நான்தான் அதை டிசைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சுத்தி இருக்குற சட்டம் ஒவ்வொண்ணும் 65 மிமீ அகலம். நிக்கிற சட்டம் ரெண்டும் சேர்ந்து 130 மிமீ, அதுல 0.8 சதவீதம்னா 1 மிமீதான். படுக்குற சட்டத்தோட நீளம் நார் திசை, அது அசையாது. ஆகக் கதவோட வெளி அளவு மழைக்கும் வெயிலுக்கும் 1 மிமீக்குள்ள அடங்கிடும். நடு பலகை நல்லாவே உப்பும், உப்பட்டும். சட்டத்துக்குள்ள 10 மிமீ ஆழத்துக்குக் காடி எடுத்து, பலகையை அதுல சும்மா சொருகி வைக்கணும். பசை வைக்கவே கூடாது, பக்கத்துக்கு 3 மிமீ காலி விடணும். பசை வச்சா பலகை வெடிக்கும், இல்லன்னா சட்டத்தோட மூட்டைப் பிளக்கும்.

இப்ப கீல். சட்டம் போட்ட பழைய கதவுல பித்தளைக் கீல் வெளியில தெரியும். கிச்சன் கதவுல இருக்குறதை நம்ம ஆசாரிங்க ஆட்டோ ஹிஞ்ச்னு சொல்லுவாங்க, கதவுக்குப் பின்னாடி ஒரு வட்டக் குழிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். குழி 35 மிமீ விட்டம், சுமார் 12 மிமீ ஆழம். ஆஸ்திரியாவோட ப்ளம், ஜெர்மனியோட ஹெட்டிச், நம்ம நாட்டோட எப்கோ, யாரோடதை வாங்குனாலும் பெரும்பாலும் இதே குழிதான். வாங்குறப்போ ஒண்ணு மட்டும் கவனிங்க. கதவு பாக்ஸோட பக்கப் பலகையை முழுசா மூடுதா, ரெண்டு கதவு ஒரே பலகையைப் பங்கு போட்டு மூடுதா, இல்ல பலகைக்கு உள்ளே அடங்குதா? மூணுக்கும் கீலோட கை வேற வேற வளைவு. கடையில கிராங்க்னு சொல்லுவாங்க. மாத்தி வாங்குனா எந்தத் திருகைத் திருகுனாலும் சரியாகாது.

குழியோட இடத்துக்குக் கேட்லாக், ஃபார்முலா எதுவும் வேண்டாம். பழைய கதவைத் தூக்கிப் போடாம வச்சிருங்க, அதுதான் உங்க டெம்ப்ளேட். உப்புனது அடி ஓரம்தானே, குழி இருக்குற இடம் சரியாத்தான் இருக்கும். ஒரு மெல்லிசு பலகையில பழைய குழியோட மையத்தை மேல் விளிம்புல இருந்தும் பக்க விளிம்புல இருந்தும் குறிச்சு ஓட்டை போட்டு வச்சுக்கிட்டா, 11 கதவுக்கும் அதையே வச்சுக் குறிக்கலாம். எங்களோடது பக்க விளிம்புல இருந்து 22.5 மிமீ. இடது கதவு வலது கதவுக்குப் பலகையைத் திருப்பி வைக்க மறந்துடாதீங்க. இதுல மட்டும் நான் தப்பு பண்ணல, அந்த 601-க்குப் பிறகு பயம் வந்துடுச்சு. 18 மிமீ பலகையில 12 மிமீ குழின்னா மிச்சம் 6-தான், டிரில் பிட்டோட நடுக்கூர் இன்னும் ரெண்டு மூணு மிமீ ஆழமாப் போகும். கை நடுங்குனா முன்பக்கம் பொத்துக்கிட்டு வரும். பிட்டுல ஒரு டேப் சுத்தி ஆழத்தைக் குறிச்சுக்கோங்க.

எத்தனை கீல்? எங்க தேக்குக் கதவை ஒரே கனமான பலகைன்னு வச்சுக் கணக்குப் பண்ணாலும் 5 கிலோவைத் தாண்டாது. இந்த உயரத்துக்கு ரெண்டு கீல் போதும். ஆனா எடை எங்கே போகுதுன்னு பாருங்க. கதவோட மையம் கீல்ல இருந்து 30 செமீ தள்ளி இருக்கு, ரெண்டு கீலுக்கும் நடுவுல 52 செமீ. மேல் கீலை வெளியில இழுக்குற விசை 5-ஐ 0.3-ஆல பெருக்கி 0.52-ஆல வகுத்தா 2.9 கிலோ எடைக்குச் சமம். ஒண்ணும் பெருசில்ல. இப்ப என் அக்கா பையன், 20 கிலோ, திறந்த கதவோட நுனியைப் பிடிச்சுத் தொங்குறான். அவன் மட்டும் 23 கிலோ சேர்க்கிறான், மொத்தம் 26. அத்தனையும் பார்ட்டிகிள் போர்டுல இருக்குற ரெண்டு திருகுல. அதனாலதான் அந்தத் திருகை ஏற்கனவே இருக்குற 5 மிமீ ஓட்டையிலதான் போடணும், 6.3 மிமீ யூரோ ஸ்க்ரூன்னு கேட்டு வாங்கிப் போடணும்னு சொல்றேன். சாதாரண மரத் திருகைக் கண்ட இடத்துல ஏத்துனா பார்ட்டிகிள் போர்டு பொடியா உதிரும். ஓட்டை ஏற்கனவே பெருசாகிடுச்சுன்னா 8 மிமீக்குத் துளைச்சு, மர டவலை ஃபெவிகால் வச்சு அடிச்சு, ஒரு நாள் காயவிட்டு, அதுல புதுசா துளை போடுங்க.

ஒரு கதவைப் பத்தித் தனியா சொல்லணும், சிலிண்டர் கதவு. வெளிநாட்டு கிச்சன் அளவுல இது கிடையவே கிடையாது, நம்ம வீட்டுல கட்டாயம் இருக்கு. 14.2 கிலோ கேஸ், இரும்போட எடையும் சேர்ந்தா கிட்டத்தட்ட 30 கிலோ. அதை பாக்ஸோட அடிப்பலகை மேல வைக்காதீங்க. அந்த பாக்ஸுக்கு மட்டும் அடிப்பலகையை அறுத்துட்டு சிலிண்டரைத் தரையில நிறுத்துங்க. இன்னொண்ணு, எல்.பி.ஜி. காத்தைவிடக் கனம். கசிஞ்சா மேலே போகாது, தரையோட தரையா தேங்கி நிக்கும். கதவை நல்லா இறுக்கமா செஞ்சிட்டோம்னு பெருமைப்பட்டா, உள்ளே கசிஞ்ச கேஸுக்கு வெளியே வர வழி இருக்காது, வாசம்கூட நமக்கு லேட்டாதான் தெரியும். கதவோட அடியில நீளமா காத்து வழி விட்டே ஆகணும், முன்னாடி ஓடுற அடிப்பட்டையும் அந்த இடத்துல மூடாம இருக்கணும். எங்க பழைய கதவுல அந்த வழி இல்லவே இல்ல. ரெண்டு வருஷம் அப்படியே சமைச்சிருக்கோம்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

கதவெல்லாம் மாட்டியாச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். சுவர்கிட்ட வந்தப்போதான் தெரிஞ்சுது. கடைசி பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல மேலே 31 மிமீ, கீழே 40 மிமீ. மூணு நூல் வித்தியாசம். பாக்ஸ் நேரா இருக்கு, ரசமட்டம் சாட்சி. அப்போ சுவர்தான் சாஞ்சிருக்கு. பூச்சு வேலையில இது எல்லா வீட்டுலயும் இருக்கும், நீங்களும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க, நான் சொன்னேன்னு வீட்டுல சண்டை போட வேண்டாம்.

இந்த இடைவெளியை மறைக்க ஒரு பட்டி வரும். அதை மேலே 31, கீழே 40-ன்னு நேர்கோட்டுல வெட்டுனா ஒட்டாது, ஏன்னா சுவர் நேர்கோட்டுலயும் சாயல, நடுவுல வயிறு தள்ளியிருந்துச்சு. அண்ணன் செஞ்சது இது. 50 மிமீ பட்டியை எடுத்து, சுவருல தொடுற மாதிரி, ரசமட்டம் பாத்து நேரா நிறுத்துனார். ஜியோமெட்ரி பாக்ஸ்ல இருக்குமே அந்தக் காம்பஸ், அதை 10 மிமீக்கு விரிச்சு, கூர் முனை சுவரைத் தடவிக்கிட்டே வர, பென்சில் முனை பட்டி மேல கோடு போட மேலிருந்து கீழே இழுத்தார். சுவரோட ஒவ்வொரு வயிறும் பள்ளமும் அப்படியே பட்டி மேல வரைஞ்சுடுச்சு. அந்தக் கோட்டுல இழைச்சு எடுத்து, பாக்ஸ் பக்கத்து விளிம்பை இடத்துக்குத் தக்க நேராக் குறைச்சு வச்சா, சுவரும் பட்டியும் பேப்பர் நுழையாத மாதிரி ஒட்டிக்கிச்சு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுல நான் பாத்த ரொம்ப அழகான டேட்டா டிரான்ஸ்ஃபர் அதுதான்.

இந்தப் பட்டி அழகுக்கு மட்டும் இல்ல. சுவரை ஒட்டி பாக்ஸ் வச்சா, கடைசிக் கதவு திறக்குறப்போ கைப்பிடி சுவருல இடிச்சு முழுசா திறக்காது, உள் டிராயரும் வெளியே வராது. மூலையில ரெண்டு வரிசை பாக்ஸ் சந்திக்கிற இடத்துலயும் இதே கதைதான். பட்டி இல்லாம மிச்சம் பிடிச்சா ரெண்டு கைப்பிடியும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்.

அடிப்பட்டையைப் பத்தி ரெண்டே வரி. மரமோ ப்ளைவுட்டோ வேண்டாம், பிவிசியோ அலுமினியமோ போடுங்க. கால்ல கிளிப் போட்டு மாட்டுங்க, சிலிக்கான் வச்சு நிரந்தரமா அடைக்காதீங்க. வாளித் தண்ணி உள்ளே போகத்தான் போகும், கழட்டித் துடைச்சுக் காயவிட வழி இருக்கணும், கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கவும்தான்.

கடைசியா கீல்ல இருக்குற திருகுங்க. ஒண்ணு கதவை இடம் வலமா நகர்த்தும், ஒண்ணு முன்னே பின்னே, ஒண்ணு மேலே கீழே. ஒவ்வொண்ணும் சுமார் 2 மிமீதான் கொடுக்கும். அதுக்கு மேல கோணல் இருந்தா திருகோட சண்டை போடாதீங்க, தப்பு வேற எங்கேயோ இருக்கு. தரைக் கோணல் காலுக்குப் போகணும், சுவர்க் கோணல் பட்டிக்குப் போகணும், மிச்சம் இருக்குற சின்ன மிமீ மட்டும்தான் கீலுக்கு. நான் முதல் நாள் எல்லாக் கோணலையும் கீல் திருகுலயே சரி பண்ணப் பாத்தேன். ஒரு கதவை நேராக்குனா பக்கத்துக் கதவு கோணலாச்சு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதே வேலை.

மொத்தச் செலவு 38,000. அண்ணனோட கூலி, ப்ளைவுட், மைகா, மில் கூலி, அடிப்பட்டை எல்லாம் சேர்த்து. பழைய கீலையே திரும்பப் போட்டோம், மூணு மட்டும் புதுசு. நேரத்தைச் சொல்லணும்னா, கம்பெனி ஒரே நாள்ல முடிச்சதுக்கு எங்களுக்குப் பதினேழு நாள் ஆச்சு. அந்தப் பதினேழு நாளும் அம்மா கதவில்லாத கிச்சன்லதான் சமைச்சாங்க.

ஒரு கதவு மட்டும் மத்ததோட சேராம தனியா இருக்கு. பாட்டியோட அலமாரிப் பலகையில பூட்டு இருந்த இடத்தைத் தவிர்த்து வெட்ட முடியல, அந்தப் பூட்டு ஓட்டை ஒரு சட்டத்துல வந்து விழுந்துடுச்சு. அடைச்சுடலாம்னு அண்ணன் சொன்னார். அம்மா பழைய பூட்டையே எடுத்துக் கொடுத்தாங்க, சாவிதான் தொலைஞ்சு போயிருந்துச்சு. இந்த ஊருல பூட்டுக்கா பஞ்சம்? 2019-ல புவிசார் குறியீடு வாங்குன ஊராச்சே. நாகல்நகர்லயே பூட்டு வேலை செய்யற ஒரு தாத்தா, ஒரு இரும்புத் துண்டைப் பூட்டுக்குள்ள விட்டு, எடுத்து, அரத்தால ராவி, திரும்ப விட்டு, இப்படியே முக்கால் மணி நேரத்துல சாவி செஞ்சார். டேப் இல்ல, மிமீ இல்ல, நூல்கூட இல்ல. அந்தச் சாவி உலகத்துல வேற எந்தப் பூட்டுக்கும் சேராது.

32 மிமீ ஓட்டை போட்ட பாக்ஸ்ல இப்ப அந்தப் பூட்டுதான் தொங்காம, ஆடாம உட்கார்ந்திருக்கு. சாவி அம்மா இடுப்புல. உள்ளே அப்படி என்ன இருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க. அக்கா பையன் முறுக்கு டப்பான்னு சத்தியம் பண்றான்.